புதுத் தலைமுறை பிராசசருக்கு மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய பிராசசர் வரிசை ஒன்று வெளிவரும்போதெல்லாம் நண்பர்களிடமிருந்தும், அவர்களுக்குத் தெரிந்தவர்களிடமிருந்தும் எனக்கு வருவது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான்: மாறலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களை மனதில் வைத்துத்தான் பெரும்பகுதி, லேப்டாப்புக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

என்னிடம் இருப்பது போன தலைமுறை. புதியது வந்துவிட்டது. மாறலாமா?

வேண்டாம். பத்துப் பேர் கேட்டால் ஒன்பது பேருக்கு என் பதில் இதுதான். ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் இடையில் நீங்கள் கையால் உணரக்கூடிய வித்தியாசம் வருவது அபூர்வம். இன்டெல்லின் 13-ஆம் தலைமுறை 2022 அக்டோபரில் வந்தது, 14-ஆம் தலைமுறை 2023 அக்டோபரில் வந்தது. இரண்டும் உள்ளே ஏறக்குறைய ஒரே சில்லுதான், கடிகார வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதை, கொஞ்சம் ஏற்றிப் புது எண் கொடுத்தார்கள். அந்த வரிசையில் 14700கே மாடல் ஒன்றுக்குத்தான் நான்கு சிறிய கோர்கள் (சில்லுக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) கூடுதலாகக் கிடைத்தன. சில சமயம் புதியது பின்னாலும் போகும். இன்டெல்லின் 10900கே-இல் 10 கோர்கள் இருந்தன, அதற்கு அடுத்து வந்த 11900கே-இல் 8 தான். 2024 அக்டோபரில் வந்த இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை மின்சாரத்தை நன்றாக மிச்சம் பிடித்தது, ஆனால் வெளிவந்த நேரத்தில் பல கேம்களில் 14-ஆம் தலைமுறையின் 14900கே-யைக்கூட எட்டவில்லை.

எப்போதாவது உண்மையான பாய்ச்சலும் வரும், அதையும் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5000, அதே மாதத்தில் ஆப்பிளின் எம்1, 2021 நவம்பரில் இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை, இவை மூன்றும் அப்படிப்பட்டவை. ஆனால் அவை பாய்ச்சல்தான் என்பது சோதனை முடிவுகள் வந்த பிறகு தெரிந்த விஷயம். அறிமுக மேடையில் எல்லாத் தலைமுறையும் பாய்ச்சல் என்றுதான் சொல்வார்கள்.

முன்பெல்லாம் இரண்டு வருடத்தில் வேகம் இரட்டிப்பானதே, இப்போது ஏன் அப்படி இல்லை?

பின்னாளில் இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோர்டன் மூர் 1965-இல் சொன்னதும் 1975-இல் திருத்திச் சொன்னதும் ஒரு சில்லில் இடம்பெறும் டிரான்சிஸ்டர்களின் (நுண்ணிய மின் சுவிட்சுகளின்) எண்ணிக்கையைப் பற்றி. வேகத்தைப் பற்றி அல்ல. வேகமும் கூடவே ஏறியதற்குக் காரணம் வேறு: டிரான்சிஸ்டர் சிறிதாகும்போது அதற்குத் தேவைப்படும் மின்னழுத்தமும் குறைந்தது, அதனால் சூடு ஏறாமலேயே கடிகாரத்தை வேகப்படுத்த முடிந்தது. ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் அவருடன் வேலை செய்தவர்களும் 1974-இல் இதை எழுதினார்கள். 2000-களின் நடுவில் இது நின்றுபோனது. மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியவில்லை, கசியும் மின்சாரம் கூடிக்கொண்டே போனது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவரும் திட்டத்தை 2004-இல் இன்டெல் கைவிட்டது, அந்த வரிசை 3.8-ஓடு நின்றது. இருபது வருடம் கழித்து, 2024-இல் வந்த 14900கேஎஸ் உச்சத்தில் 6.2 கிகாஹெர்ட்ஸ் போகிறது. இருபது வருடத்தில் கடிகாரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

அப்படியானால் கூடுதல் டிரான்சிஸ்டர்கள் எங்கே போயின? கோர்களாகவும், கேஷ் எனப்படும், சில்லுக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகமாகவும், வீடியோவுக்கான தனிச் சுற்றுகளாகவும், ஒரே கடிகாரத் துடிப்பில் அதிக வேலை முடிக்கும் அமைப்பாகவும் மாறின. இது எல்லாருக்கும் ஒரே மாதிரி பயன் தராது. உங்கள் வேலை எந்த வகை என்பதைப் பொறுத்து ஒரே சில்லு ஒருவருக்குப் பெரிய முன்னேற்றமாகவும் இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாததாகவும் இருக்கும். அதனால்தான் “இந்தப் பிராசசர் எப்படி?” என்று கேட்பவரிடம் “நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது. பிராசசர்தான் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பணம் செலவழிக்கும் முன் இதற்கு ஒரு வாரம் கொடுங்கள். எந்த வேலையில் காத்திருக்கிறீர்களோ அதைச் செய்துகொண்டே விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். லினக்ஸில் எச்டாப், மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர்.

முதலில் நினைவகம். ரேம் முக்கால்வாசிக்கு மேல் எப்போதும் நிரம்பியிருந்து, சாளரம் மாறும்போதெல்லாம் ஒரு நொடி உறைந்து நின்றால், எந்தப் பிராசசரும் அதைச் சரிசெய்யாது. ரேம்தான் போட வேண்டும். அடுத்தது டிஸ்க். இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், உங்களுக்கு வேண்டியது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமில்லாத டிஸ்க். ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 100 முதல் 200 எம்பி தரும், சாட்டா எஸ்எஸ்டி 550 வரை தரும், என்விஎம்இ வகை ஆயிரக்கணக்கில் தரும். ஆனால் நிஜ வித்தியாசம் அந்த எண்களில் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைப் படிப்பதில்தான் ஹார்டு டிஸ்க் திணறும், கம்ப்யூட்டர் கிளம்பும்போதும் ஒரு மென்பொருள் திறக்கும்போதும் நடப்பது முழுக்க அதுதான்.

நானே இந்த இடத்தில் ஒருமுறை தவறியிருக்கிறேன். பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் மாற்றிவிட்டு, பழைய ஹார்டு டிஸ்கை அப்படியே எடுத்து மாட்டினேன். முன்பு போலவே மந்தமாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டபோதுதான் கம்ப்யூட்டர் புதிதானது. அந்த எஸ்எஸ்டியைப் பழைய பிராசசரோடு சேர்த்துப் போட்டிருந்தாலே எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

மூன்றாவது, சூடு. பிராசசர் 95, 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐந்து வருடம் திறக்காத பெட்டியில் தூசி தட்டி, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் புது பேஸ்ட் தடவினாலே இழந்த வேகம் திரும்பிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பிராசசருக்கு வர வேண்டும். இங்கே பலர் ஏமாறும் ஒரு இடம் இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த சதவீதத்தைப் பார்த்து, “15 சதவீதம்தான் ஓடுகிறது, பிராசசர் சும்மாதான் இருக்கிறது” என்று முடிவுகட்டிவிடுவார்கள். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத்தொடர்) உள்ள பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது ஆறு சதவீதம் சொச்சம்தான் காட்டும். பழைய மென்பொருள்கள் பலவும், பெரிய கணக்கு அட்டவணைகள் சிலவும், பல கேம்களின் முக்கிய வேலையும் இப்படி ஒற்றைத் த்ரெட்டில்தான் ஓடுகின்றன. வரைபடத்தின் மேல் வலது சொடுக்கிட்டு லாஜிக்கல் பிராசசர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒன்று அல்லது இரண்டு கட்டங்கள் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தேவை ஒற்றைக் கோர் வேகம். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தால் கூடுதல் கோர்கள் உதவும். (விண்டோஸ் ஒரே த்ரெட்டைக் கோருக்குக் கோர் மாற்றிக்கொண்டே இருப்பதால் சில நேரம் உச்சி அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அப்போது கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள்.)

கேம்தான் விளையாடுகிறேன். புதுப் பிராசசர் போட்டால் ஃபிரேம் கூடுமா?

கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் கூடாது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: கேமின் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை சட்டென்று ஏறினால் இதுவரை இழுத்துப் பிடித்தது கிராபிக்ஸ் கார்டு. ஏறவே இல்லை, அல்லது ஒன்றிரண்டுதான் ஏறியது என்றால் பிராசசர். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டையும் பாருங்கள், 97, 98 சதவீதத்தில் நின்றால் அதுதான் எல்லை. 60-இல் ஆடிக்கொண்டிருந்தால், ஃபிரேம் வரம்பு எதுவும் போட்டு வைக்கவில்லை என்றால், அது பிராசசருக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

விமர்சனங்களில் வரும் வரைபடங்களை எப்படிப் படிப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிராசசரைச் சோதிப்பவர்கள் சந்தையிலேயே வலுவான கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, 1080பி ரெசல்யூஷனில் ஓட்டுவார்கள். அது சரியான முறைதான், கிராபிக்ஸ் கார்டு குறுக்கே வராமல் பிராசசர்களை மட்டும் ஒப்பிட வேறு வழியில்லை. ஆனால் அங்கே தெரியும் 30 சதவீத வித்தியாசம், நடுத்தரக் கார்டு வைத்து 1440பி-யிலோ 4கே-யிலோ விளையாடும் உங்கள் வீட்டில் இரண்டு மூன்று சதவீதமாகச் சுருங்கிவிடும். வரைபடம் பொய் சொல்லவில்லை, அது உங்கள் கேள்விக்கான பதில் இல்லை, அவ்வளவுதான்.

சராசரி ஃபிரேம் மட்டும் போதாது, அதன் கீழே ஒரு சதவீதக் குறைந்தபட்சம் (மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். சராசரி 90 இருந்தும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் அந்த எண்தான் காரணத்தைக் காட்டும். பழைய பிராசசரிலிருந்து மாறியவர்கள் “ஓட்டம் வழவழப்பாகிவிட்டது” என்று சொல்வதும் பெரும்பாலும் இது உயர்ந்ததால்தான்.

எக்ஸ்3டி என்று முடியும் ரைசன்களைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்களே?

கேமுக்கு மட்டும் என்றால் அந்தப் பேச்சு நியாயமானது. கேம்கள் நினைவகத்தில் எங்கெங்கோ இருக்கும் தரவைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும். ரேம் வரை போய்வர நேரம் ஆகிறது, அதனால் சில்லின் மேலேயே கூடுதல் கேஷை அடுக்கினார்கள். 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்பி, சாதாரண 5800எக்ஸ்-இல் 32 தான். அதன் கடிகாரம் 5800எக்ஸ்-ஐ விடக் குறைவு, இருந்தும் பெரும்பாலான கேம்களில் அதை முந்தியது. 2023-இல் 7800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி அதே வழியில் வந்தன. வீடியோ ஏற்றுமதி, முப்பரிமாண ரெண்டரிங் போன்ற வேலைக்கு அந்தக் கேஷ் அவ்வளவாக உதவாது. அதே பணத்தில் அதிகக் கோர் உள்ளதை வாங்கலாம்.

வீடியோ எடிட்டிங், புரோகிராமிங் போன்ற வேலைக்கு?

இங்கே கணக்குப் போட்டுப் பார்க்க முடியும், அதனால் முடிவெடுப்பது சுலபம். ஒரு வேலை முடிய 10 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 6 நிமிடம் பிராசசர் உழைக்கிறது, 4 நிமிடம் டிஸ்க்கிலும் நெட்வொர்க்கிலும் போகிறது. இருமடங்கு வேகமான பிராசசர் போட்டால் அந்த 6 நிமிடம் 3 ஆகும், மொத்தம் 7 நிமிடம். இருமடங்குக்குப் பணம் கொடுத்தும் உங்களுக்கு மிச்சமாவது 3 நிமிடம்தான். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன விதியின் சாரம் இதுவே. கோர்களைக் கூட்டும்போதும் இதே கதைதான்: பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதற்குக் கீழே நேரம் இறங்காது.

ஆனால் அந்த 3 நிமிடம் ஒரு நாளைக்கு இருபது முறை வருகிறது என்றால் அது ஒரு மணி நேரம். கம்பைல் செய்துவிட்டு (எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றவிட்டு) காத்திருப்பவர்களுக்கு, தினமும் வீடியோ ஏற்றுமதி செய்பவர்களுக்கு, மாறுவது நியாயமான செலவு என்று தயங்காமல் சொல்வேன். வாரத்துக்கு ஒருமுறை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு அது தேவையில்லை.

வீடியோ செய்பவர்கள் கோர் எண்ணிக்கைக்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். உங்கள் கேமரா எந்த வடிவத்தில் பதிவு செய்கிறது, அந்த வடிவத்தின் சுருக்கத்தை வன்பொருளிலேயே பிரிக்கும் சுற்று பிராசசரிலோ கிராபிக்ஸ் கார்டிலோ இருக்கிறதா? பல கேமராக்கள் தரும், நிற விவரம் அதிகமுள்ள 10-பிட் 4:2:2 எச்.265 வீடியோவை இன்டெல்லின் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள்ளமைந்த கிராபிக்ஸே பிரித்துவிடும். அந்தச் சுற்று இல்லாவிட்டால் 16 கோர் இருந்தும் டைம்லைன் நகர மறுக்கும். பெயருக்குப் பின்னால் எஃப் என்று வரும் இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, கொஞ்சம் மலிவு என்று அதை எடுத்துவிட்டு இந்த வசதியை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

புதியது என் மதர்போர்டில் பொருந்துமா?

முதலில் சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடம். ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இன் முதல் ரைசனிலிருந்து 5000 வரிசை வரை மாட்டலாம். 2022 செப்டம்பரில் ரைசன் 7000-உடன் வந்த ஏஎம்5-இல் 9000 வரிசையும் மாட்டும். இன்டெல் பக்கம் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700, கோர் அல்ட்ரா 200எஸ் எல்ஜிஏ1851.

சாக்கெட் ஒன்றாக இருந்தாலே போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2017 அக்டோபரில் வந்த இன்டெல் 8-ஆம் தலைமுறை, முந்தைய இரண்டு தலைமுறைகளின் அதே 1151 அளவில்தான் இருந்தது, ஆனாலும் பழைய போர்டுகளில் ஓடவில்லை, 300 வரிசை போர்டு வேண்டியிருந்தது. அதேபோல் பழைய ஏஎம்4 போர்டில் ரைசன் 5000 ஓட பயாஸ் (போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்தாக வேண்டும். மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசசர் பட்டியல் இருக்கும், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து எது ஓடும் என்று அதில் போட்டிருப்பார்கள். போர்டின் பெயரை முழுதாக, திருத்த எண் உட்படத் தேடுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று திருத்தங்கள் வந்த போர்டுகள் உண்டு.

மலிவான போர்டில் உச்சப் பிராசசரை மாட்டுவதும் சரியாக வராது. 14900கே போன்றவை முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி பலவீனமான போர்டில் அது சூடேறி, பிராசசரின் வேகத்தைக் கீழே இறக்கும்.

சாக்கெட் மாறினால் மொத்தச் செலவு எங்கே போய் நிற்கும்?

பிராசசர் விலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. புதுச் சாக்கெட் என்றால் புது மதர்போர்டு. ஏஎம்5-உம் எல்ஜிஏ1851-உம் டிடிஆர்5 வகை ரேம் மட்டும்தான் ஏற்கும், ஆக இருக்கும் டிடிஆர்4 ரேம் உதவாது. வெட்டு இருக்கும் இடமே வேறு, மாட்டவும் முடியாது. கூலரின் பிடிமானம் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பவர் சப்ளை பழையதாக இருந்தால் அதுவும். டிடிஆர்5 விலை 2025-இன் கடைசியில் கடுமையாக ஏறியதால் இந்தக் கணக்கு இன்னும் கனமாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், பிராசசர் அதில் பாதிகூட இருக்காது.

அதனால் நான் முதலில் தேடச் சொல்வது, இப்போதிருக்கும் போர்டில் மாட்டக்கூடிய கடைசித் தலைமுறையின் நல்ல பிராசசரை. ரைசன் 1600 வைத்திருந்தவர் அதே போர்டில், அதே ரேமில் 5600-க்கோ 5700எக்ஸ்-க்கோ போகலாம். அந்தத் தாவல் பலருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதற்குச் சமம். ஒரு கவனம்: 5500, 5600ஜி, 5700ஜி மூன்றும் பெயரில் அண்ணன் தம்பி போல இருந்தாலும் கேஷ் பாதிதான், பிசிஐஇ எனப்படும் கிராபிக்ஸ் கார்டுக்கான பாதையும் பழைய 3.0 மட்டும்தான். தனி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் 5600 எடுப்பதே மேல்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது சரி?

வருடத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் வேலைக்கு நெருக்கமான ஒரு சோதனையில், உங்கள் பழைய பிராசசரும் புதியதும் ஒரே வரைபடத்தில் இருப்பதைத் தேடி எடுங்கள். வித்தியாசம் 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் நான் மாற மாட்டேன். 20 சதவீதம் என்பது வரைபடத்தில் அழகாகத் தெரியும், நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டாவது நாளே மறந்துபோகும்.

பெயரில் எண் பெரிதாக இருந்தால் அது புதியதுதானே?

இல்லை, லேப்டாப்பில் நிச்சயம் இல்லை. ரைசன் 7 7730யு என்பது பெயரில் 7000, உள்ளே இருப்பது 5000 காலத்து ஜென் 3 வடிவமைப்பு. ரைசன் 5 7520யு அதைவிடப் பழைய ஜென் 2. இன்டெல்லின் கோர் 5 120யு புதுப் பெயர் வரிசையில் வந்தாலும் உள்ளே 13-ஆம் தலைமுறையின் ராப்டர் லேக்தான். ஐ5, ஐ7 என்ற எண்ணும் தலைமுறையைத் தாண்டி ஒப்பிட உதவாது, 12-ஆம் தலைமுறை மேசை ஐ5 ஒன்று பழைய ஐ7-ஐ எளிதாகத் தாண்டிவிடும். விற்பவர் “ஐ7 சார்” என்று மட்டும் சொன்னால் முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அதைத் தேடி உள்ளே எந்த வடிவமைப்பு என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

லேப்டாப்பில் பிராசசரை மட்டும் மாற்ற முடியுமா?

இப்போது வரும் லேப்டாப்களில் முடியாது, போர்டோடு பற்றவைத்திருக்கும். கேள்வி, மொத்த லேப்டாப்பையும் மாற்றலாமா என்பதாகிவிடுகிறது. ரேம் செருகும் இடமும் எஸ்எஸ்டி மாற்றும் வசதியும் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். ஒரே ஒரு ரேம் பட்டை மட்டும் இருக்கும் லேப்டாப்பில் இன்னொன்று சேர்த்தால் இரட்டைச் சேனல் (ரேமுக்கு இரண்டு பாதை) கிடைக்கும், உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு அதில் நல்ல பலன் உண்டு.

மேசைக் கம்ப்யூட்டரை விட லேப்டாப்பில்தான் தலைமுறை மாற்றம் அதிகமாக உணரப்படுகிறது என்பது என் கருத்து. காரணம் பேட்டரி. அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்யும் சில்லு என்றால் ஃபேன் சத்தமும் குறையும், மடியில் சூடும் குறையும், சார்ஜரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இன்டெல் மேக்கிலிருந்து எம்1-க்குப் போனவர்களுக்கு இது தெரியும். அதற்காக எம்1 வைத்திருப்பவர் எம்2-வுக்கு ஓட வேண்டியதில்லை. ஒரே சில்லு இரண்டு லேப்டாப்களில் வேறு வேறு வேகத்தில் ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். மெல்லிய உடம்பில் 15 வாட்டுக்கு அடக்கி வைத்திருப்பார்கள், தடித்ததில் 45 வரை விடுவார்கள். சில்லின் விமர்சனத்தைப் படிக்காமல் அந்த லேப்டாப்பின் விமர்சனத்தைப் படியுங்கள். ஸ்னாப்டிராகன் எக்ஸ் போன்ற, இன்டெல், ஏஎம்டி-யிலிருந்து வேறுபட்ட ஆர்ம் வகை விண்டோஸ் லேப்டாப் என்றால், நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளும் பிரின்டர் டிரைவரும் அதில் ஓடுமா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் பிராசசருக்கு விண்டோஸ் 11 கிடையாது என்கிறது. அதற்காக மாற வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, ஆக இது புறக்கணிக்கக்கூடிய காரணம் இல்லை. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 முதல் வேண்டும், கூடவே டிபிஎம் 2.0, அதாவது பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி. பிராசசர் தகுதியானதாக இருந்தும் முடியாது என்று காட்டினால் பயாஸில் டிபிஎம் அணைந்திருக்க வாய்ப்பு அதிகம், இதைப் பார்க்காமலேயே புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ரைசன் 1000 வைத்திருப்பவருக்கு அதே போர்டில் 5000 வரிசை போடும் வழி இருக்கிறது. உண்மையிலேயே பழையது, வேலையோ பிரவுசரும் கடிதமும் மட்டும்தான் என்றால் லினக்ஸ் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் வங்கி வேலை பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

ஏஐ பிராசசர், என்பியு என்கிறார்களே, அதற்காக?

இப்போதைக்கு அது மட்டும் காரணமாக இருக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தன் கோபைலட்+ வசதிகளுக்கு 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள்) உள்ள என்பியு, அதாவது ஏஐ கணக்குகளுக்கான தனிப் பகுதி, கேட்கிறது. மேசைக் கம்ப்யூட்டருக்கான கோர் அல்ட்ரா 200எஸ்-இல் இருப்பது 13 தான். பெரிய மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க விரும்புகிறவருக்கு முக்கியம் கிராபிக்ஸ் கார்டின் நினைவக அளவு.

பழைய பிராசசரை இரண்டாம் கையாக வாங்கலாமா?

வாங்கலாம். ஒழுங்காகப் பயன்படுத்திய பிராசசர் அவ்வளவு எளிதில் கெடாது, மதர்போர்டுதான் முதலில் போகும். விதிவிலக்கு, இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறையின் வலுவான மேசை மாடல்கள். அவற்றில் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போய், காலப்போக்கில் சில்லு நிலையற்றதாகும் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (பிராசசரின் உள் கட்டளைகள்) திருத்தங்கள் வந்தன, இன்டெல் உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டித்தது. திருத்தம் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே நடந்ததைச் சரிசெய்யாது. முந்தைய உரிமையாளர் பயாஸ் புதுப்பித்தாரா என்று உங்களால் அறிய முடியாது என்பதால் இரண்டாம் கையில் இவற்றை நான் தவிர்ப்பேன்.

இன்னும் ஆறு மாதம் காத்திருந்தால் அடுத்தது வருமே?

வரும், எப்போதும் வரும். இன்றைய வேலை இன்று நிற்கிறது என்றால் வாங்குங்கள். ஆனால் வெளிவந்த முதல் நாளே வாங்காதீர்கள், குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். தனிப்பட்ட சோதனைகள் வரட்டும், பயாஸ் ஒன்றிரண்டு முறை திருந்தட்டும். புதியது வந்ததும் பழையதன் விலை இறங்குவதும் அந்த நேரத்தில்தான்.

சரி, மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். மாற்றும் அன்று எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள், புதியதை மாட்டிய பிறகு திரையே வராமல் போகலாம். அப்புறம் பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதன் சாவி பெரும்பாலும் பிராசசருக்குள் இருக்கும் டிபிஎம்-ஐ நம்பியிருக்கும், பிராசசர் மாறியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை முன்பே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள், அல்லது பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். மதர்போர்டும் மாறுகிறது என்றால் விண்டோஸ் உரிமத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதலில் இணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த உரிமம் என்றால் புதுப் போர்டுக்கு அது பெரும்பாலும் வராது.

ஏஎம்4-இல் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசசரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகு தூக்குங்கள். ஏஎம்5-இலும் இன்டெல்லிலும் கால்கள் போர்டில் இருக்கின்றன, அங்கே விரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல்முறை ஓடத் தொடங்கியதும் பயாஸுக்குள் போய் ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்குங்கள், அதைச் செய்யாவிட்டால் ரேம் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடாது. ஏஎம்5-இல் ரேமைப் பழக்கிக்கொள்ள முதல்முறை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், பயந்து அணைத்துவிடாதீர்கள். ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனையை ஓடவிடுங்கள், பழைய பிராசசரை விற்பதெல்லாம் அது பிழையில்லாமல் முடிந்த பிறகு.